பரண் ஏறிய முரசுகள்

நம் வீடுகளில் உபயோகமற்றுப் போன சாமான்களுக்குப் பரண் என்று ஓர் இடம் உண்டு. அமெரிக்கர் வீடுகளில் இதற்கு இரண்டு இடங்கள் இருக்கின்றன. ஒன்று கூரைக்கும் மேல் தளத்துக்கும் நடுவேயுள்ள தாழ்ந்த அறை. மற்றொன்று வீட்டுக்கு அடியிலுள்ள நிலவறை. பழைய டிரம் வாத்தியம் ஒன்று அந்நாட்டில் யார் கைக்காவது வந்து சேர்ந்தால், அவர் முதலில் விசாரிக்க வேண்டிய விஷயம், அது இத்தனை வருஷமும் மேலே கிடந்ததா, கீழே கிடந்ததா என்பதுதான். மேலே கிடந்ததானால் கோடை வெயிலில் கூரை காய்ந்து, டிரம்மின் மேல் ஒட்டியிருக்கும் செல்லுலாய்டு உறை சுருங்கி வெடித்திருக்கும். கீழே கிடந்ததானால் ஈரத்தில் ஆணிகளும் வளையங்களும் துருவேறி, மரத் தகடுகளை இணைத்த பசை விட்டுப்போய், கூடு ஏடு ஏடாகப் பிரிந்திருக்கும். நோயாளியின் நாடியைப் பிடிப்பதற்கு முன் வைத்தியர் ஊரையும் தண்ணீரையும் பற்றி விசாரிப்பதில்லையா? அதுபோலத்தான்.

சங்கீதக் கச்சேரிக்குப் போய்ப் பழகிய நேயர்களில் சிலருக்கு டிரம் என்றதும் முகம் சுளிக்கலாம். அது வாத்தியமா, வெறும் சத்தமா என்ற விவாதத்துக்குள் நாம் இப்போது புகப் போவதில்லை. ஆனால் முதுமையடைந்த ஒரு வாத்தியத்தை எப்படி நடத்துவது என்ற கேள்வி, மிருதங்கத்துக்கும் டிரம்முக்கும் பொதுவானது. மிருதங்கத்தில் தோல் மூட்டுகள் அடிக்கடி மாறும்; பலாக் கட்டையோ தலைமுறை கடந்து நிற்கும். டிரம்மிலும் அப்படியே. தோல் போகும், கம்பி போகும். மரக்கூடு நிற்க வேண்டும். அந்தக் கூட்டையே கெடுத்துவிட்டு, "பழைய டிரம்மைப் புதுப்பித்தேன்" என்று சொல்லிக்கொள்கிறவர்கள் மேல்நாட்டில் ஏராளம். அவர்களுக்கும் உண்மையான சீர்திருத்தக்காரருக்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்வதே நமது நோக்கம்.

முதலில் இந்த வாத்தியத்தின் ஜாதகத்தைச் சற்றுப் பார்க்கலாம். பட்டாளத்துப் பாண்டில் பெரிய டிரம்மை ஒருவரும், சிறிய டிரம்மை ஒருவரும், தாளத் தட்டுகளை ஒருவருமாக அடித்து வந்தார்கள். நாடகக் கொட்டகையிலும் நடன சாலையிலும் மூன்று பேருக்குச் சம்பளமும் கிடையாது, உட்கார இடமும் கிடையாது. ஆகவே ஒருவரே எல்லாவற்றையும் சுற்றி வைத்துக்கொண்டு அடிக்கத் தலைப்பட்டார். கைகள் இரண்டுதானே? 1909-ம் வருஷத்தில் சிகாகோ நகரில் வில்லியம் லட்விக், தியோபால்டு லட்விக் என்ற சகோதரர்கள், வேகமாக இயங்கக்கூடிய ஒரு கால் மிதியைச் செய்து விற்கத் தொடங்கினார்கள். பெரிய டிரம் காலுக்குப் போயிற்று. கைகளுக்கு விடுதலை கிடைத்தது. இன்று நாம் டிரம் செட் என்று அழைக்கும் கூட்டுக் குடும்பம் அந்த மிதியினாலேயே நிலைபெற்றது.

அக்காலத்து ஊமைப் படக் கொட்டகைகளில் டிரம் வாசிப்பவருக்கு அடிப்பது மட்டும் வேலை அல்ல. திரையில் குதிரை ஓடினால் குளம்புச் சத்தம், பட்சி பறந்தால் ஊதல், ரயில் வந்தால் புகைவண்டியின் மூச்சு, யாராவது வழுக்கி விழுந்தால் அதற்குத் தக்க ஒரு தட்டு! இத்தனை உபகரணங்களையும் அவர் கைக்கெட்டும் தூரத்தில் தொங்க விட்டிருப்பார். 1927-ம் வருஷத்துக்குப் பிறகு பேசும் படம் வந்தது. குதிரை தானே ஓடிற்று, ரயில் தானே கூவிற்று. கொட்டகை வாத்தியக்காரர்கள் ஆயிரக்கணக்கில் பிழைப்பை இழந்தார்கள். டிரம்கள் கூட்டமாகப் பரண் ஏறிய முதல் தருணம் இதுதான் என்று சொல்லலாம். இன்று அங்கே பழைய வீடுகளிலிருந்து வெளிவரும் மிகப் பெரிய சுற்றளவுள்ள காலடி டிரம்களில் பல, இப்படி வேலை இழந்தவர்களுடையவைதாம்.

பிறகு 1930-களில் ஸ்விங் என்னும் நடன சங்கீதம் கிளம்பியது. ஜீன் க்ரூபா என்ற இளைஞர் அதில் கொடி கட்டினார். அதுவரை பக்கத்தில் வைத்து அடிக்கும் டாம்டாம் என்பது, தோலை ஆணியடித்து இறுக்கிய சீன முரசாகவே பெரும்பாலும் இருந்தது. சுருதி கூட்டவோ குறைக்கவோ வழி கிடையாது. இரு பக்கமும் திருகு வைத்துச் சுருதி சேர்க்கத் தக்க டாம்டாமை ஸ்லிங்கர்லாண்டு கம்பெனி அவருக்காகச் செய்து கொடுத்தது. 1938-ம் வருஷம் ஜனவரி 16-ந் தேதி நியூயார்க் கார்னிகி மண்டபத்தில் பென்னி குட்மன் கோஷ்டியார் நடத்திய கச்சேரியில், இந்த டிரம் ஓசை கேட்டுச் சபை கிடுகிடுத்தது. கடைகளில் டிரம்கள் பறந்தன.

நாம் விசேஷமாகச் சொல்ல விரும்புவது இதற்குப் பின் நடந்ததை. இரண்டாவது உலக யுத்தத்தில் அமெரிக்கா இறங்கியதும், 1942-ம் வருஷத்தில் அந்நாட்டு யுத்த உற்பத்தி வாரியம் ஓர் உத்தரவு பிறப்பித்தது. எடையில் 100-க்கு 10 பங்குக்கு மேல் உலோகம் முதலிய யுத்தத்துக்கு வேண்டிய சரக்குகள் அடங்கிய வாத்தியங்களைச் செய்யக்கூடாது என்பது அதன் சாரம். டிரம்மின் எடை மரத்திலா இருக்கிறது? வளையம் இரும்பு, திருகுப்பிடி பித்தளை அல்லது வார்ப்பு, தாங்கி இரும்பு. கம்பெனிகள் தலையில் கை வைத்துக்கொண்டன. ஆனால் கடையைச் சாத்திவிடவில்லை. வளையங்களை மரத்தில் வளைத்தார்கள். கூட்டின் பக்கத்தில் திருகை ஏற்று நிற்கும் பிடிகளைக் கடின மரத்தில் கடைந்தார்கள். தவிர்க்க முடியாத திருகாணி போன்ற இடங்களில் மட்டும் உலோகம். ஸ்லிங்கர்லாண்டு கம்பெனி தன்னுடைய யுத்தகாலத்து டிரம்களுக்கு "ரோலிங் பாம்பர்" என்று பெயர் வைத்தது. உருண்டோடும் குண்டு விமானம்! யுத்தத்துக்கு இரும்பைக் கொடுத்துவிட்டு மரத்தால் செய்த சாதுப் பிராணிக்கு இவ்வளவு பயங்கரமான பெயர்.

1945-ல் யுத்தம் முடிந்தது. உலோகம் திரும்பி வந்தது. மரப்பிடி டிரம்களைக் கையால் தொடவும் எவரும் பிரியப்படவில்லை. அவை பஞ்சகாலத்துக் கேழ்வரகுக் கூழ் போல, கஷ்ட ஜீவனத்தை ஞாபகப்படுத்தின. தவிர, அவற்றில் ஒரு மெய்யான குறையும் இருந்தது. இறுக்க இறுக்க மரப்பிடி தன் ரேகை ஓடும் வழியே பிளந்துகொள்ளும். ஒன்று பிளந்ததும் சொந்தக்காரர் என்ன செய்வார்? எட்டையும் கழற்றி எறிந்துவிட்டு, கூட்டில் புதுத் துளைகள் போட்டு, பளபளக்கும் உலோகப் பிடிகளை மாட்டிவிடுவார். இவ்வாறு மாற்றப்பட்டவை போக மிஞ்சியவை பரணுக்குப் போயின. முழு அங்கங்களோடு தப்பிப் பிழைத்தவை சொற்பமே. பிற்காலத்தில் அவற்றுக்கு ஏற்பட்ட மதிப்புக்குக் காரணம் இதுதான்.

இப்படிப்பட்ட டிரம் ஒன்று கையில் கிடைத்ததாக வைத்துக்கொள்வோம். ஏழு பிடிகள் சரியாக இருக்கின்றன, எட்டாவது பிளந்திருக்கிறது. என்ன செய்வது? அவசரக்காரர் எட்டையும் மாற்றுவார். அடுத்தபடியான கெட்டிக்காரர் எட்டாவதை மட்டும் எறிந்துவிட்டுப் புதிது கடைவார். விவரம் தெரிந்தவரோ பிளவில் படிந்த அழுக்கை மெல்லிய ஊசியால் எடுத்துவிட்டு, தச்சர்கள் உபயோகிக்கும் வச்சிரப் பசையை இளஞ்சூட்டில் விட்டு, இறுக்குப்பிடி போட்டு ஒரு நாள் முழுதும் விட்டு வைப்பார். வச்சிரப் பசைக்கு ஒரு நற்குணம் உண்டு: பின்னால் வருகிறவர் நம்முடைய வேலையைத் திருத்த விரும்பினால், வெந்நீரும் சூடும் பட்டதும் அது விட்டுக்கொடுக்கும். இந்தக் காலத்து எபாக்ஸிப் பசைகளுக்கு அந்தத் தாட்சண்யம் கிடையாது. பிடியே காணாமற் போயிருந்தால், அதே ஜாதி மரத்தில், ரேகை அதே திசையில் ஓடும்படி ஒன்று கடைந்து, அதன் உட்பக்கத்தில் செய்த வருஷத்தைப் பென்சிலால் எழுதி வைப்பார். வெளிப் பார்வைக்கு ஒற்றுமை. கழற்றிப் பார்ப்பவருக்கு உண்மை. அருங்காட்சி சாலைகளில் பழம்பொருள்களைப் பாதுகாப்பவர்களும் இந்த இரண்டையுமே அனுசரிக்கிறார்கள். செய்ததை மறுபடி நீக்க முடிய வேண்டும். செய்தது இன்னதென்று கண்டுபிடிக்க முடிய வேண்டும்.

வேலையைத் தொடங்குவது எப்படி? கழற்றுவதற்கு முன் நாலு பக்கமும் படம் பிடித்துக்கொள்ள வேண்டும். எந்தத் திருகு எந்தப் பிடியிலிருந்து வந்ததோ, அந்த ஜோடியைப் பிரிக்காமல் தனித்தனி உறையில் போட்டு எண் எழுத வேண்டும். எழுபது வருஷம் ஒன்றோடொன்று உராய்ந்து பழகிய திருகும் மரையும் பழைய தம்பதிகளைப் போன்றவை. வேறு ஜோடி சேர்த்தால் சண்டை வரும். பிறகு கூட்டுக்குள்ளே விளக்கைப் பிடித்துப் பார்க்க வேண்டும். தொழிற்சாலையில் குத்திய தேதி முத்திரை, வாத்தியக்காரர் தம் பெயரைக் கிறுக்கிய பென்சில் எழுத்து, எப்போதோ ஒருவர் ரிப்பேர் செய்த அடையாளம் முதலானவை அங்கே கிடைக்கும். இவற்றைச் சோப்பு நீரால் கழுவித் தள்ளுகிறவர்களுக்கு என்ன தண்டனை விதிக்கலாம் என்று நமக்குத் தோன்றவில்லை. ஐந்தாம் வகுப்புப் பையன் சரித்திரப் புத்தகத்தின் பக்கங்களைக் கப்பல் செய்து விடுவதற்கு ஒப்பான காரியம் அது.

வெளியே மூச்சுத் துளையைச் சுற்றிப் பொருத்திய முத்திரைத் தகடும் பேசும். லட்விக் சகோதரர்கள் தொடங்கிய கம்பெனி வேறொரு பெரிய ஸ்தாபனத்தின் கைக்குப் போய்விட்டது. வில்லியம் லட்விக் அதை விட்டு விலகி 1937-ல் புதுக் கம்பெனி ஆரம்பித்தபோது, தம் சொந்தக் குடும்பப் பெயரையே உபயோகிக்க அவருக்கு உரிமை இல்லை! தம் பெயரின் முதலெழுத்துக்களை வைத்து டபிள்யூ. எப். எல். என்று பெயரிட்டு நடத்தி, 1955-ல்தான் பழைய பெயரை விலை கொடுத்து வாங்கினார். ஆகவே அந்த மூன்று எழுத்துத் தகடு உள்ள டிரம், 1937-க்கு முற்பட்டதாக இருக்க முடியாது.

செல்லுலாய்டு உறையைத் துடைப்பதில் ஒரு எச்சரிக்கை. முத்துப்போல் மினுங்கும் அந்தப் பழைய உறைகளில் பல, நைட்ரோ செல்லுலோஸ் என்ற வஸ்துவால் ஆனவை. அந்தக் காலத்துச் சினிமாச் சுருள்கள் குபீரென்று பற்றிக்கொண்டதும் இதே வஸ்துவினால்தான். நெருப்பும் கூடாது, சூடு காட்டிச் சுருக்கம் எடுக்கவும் கூடாது, அசிட்டோன் போன்ற திராவகம் பட்டால் கரைந்துவிடும். ஈரத் துணியும், சிறிதளவு சோப்பும், கடைசியில் மோட்டாருக்குப் பூசும் மெருகு மெழுகும் போதும். வெளுத்த இடம் வெளுத்தபடியே இருக்கட்டும். முலாம் பூசிய பாகங்களில் துரு இருந்தால், திருகாணிகளை லேசான எண்ணெயில் ஊறவைக்க வேண்டும். குரோமிய முலாத்தின் மேல் படிந்த துருப் புள்ளிகள், தண்ணீரில் நனைத்த அலுமினியத் தாளால் தேய்த்தால் போய்விடும். நிக்கல் முலாம் அப்படியல்ல, மெல்லியது. சுறுசுறுப்பான இல்லத்தரசிகள் குத்துவிளக்கைத் தேய்ப்பது போல் தேய்த்தால், பளபளப்பு வருவதற்குப் பதிலாக உள்ளிருக்கும் பித்தளை எட்டிப் பார்க்கும்.

தாளத் தட்டுகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அவற்றைச் சும்மா விட்டுவிட வேண்டும். கான்ஸ்டான்டினோபிள் நகரில் 1623-ம் வருஷத்தில் தொடங்கிய சில்ஜியன் என்ற அர்மீனியக் குடும்பத்தினர், 1929-ல் அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாகாணத்தில் பட்டறை வைத்தார்கள். நூற்றுக்கு 80 பங்கு செம்பும் 20 பங்கு தகரமும் கலந்த வெண்கலம். நம் வெண்கலப் பானைக்குப் புளி போடுவது போல் அதற்குப் போட்டு மெருகேற்றினால், வயதினால் ஏறிய மேற்பூச்சுப் போவதோடு, கம்பெனி முத்திரையும் தேய்ந்து மறையும். விளிம்பில் வெடிப்பு கண்டிருந்தால், வெடிப்பின் முனையில் சிறு துளை போட்டு அது மேலே ஓடாமல் தடுப்பார்கள். அவ்வளவுதான்.

இனி, எல்லாவற்றிலும் கஷ்டமான விஷயத்துக்கு வருவோம். 1950-களின் மத்தி வரையில் டிரம்மின் முகம் கன்றுக்குட்டித் தோல். மழைக்காலத்தில் தொய்யும், வெயிலில் விறைக்கும்; நம் மிருதங்க வித்வான்கள் படும் அவஸ்தை அத்தனையும் அவர்களுக்கும் உண்டு. 1957-ல் ரெமோ பெல்லி என்ற டிரம் வித்வான் மைலார் என்னும் பிளாஸ்டிக் தாளில் செய்த முகத்தை வியாபாரத்துக்குக் கொண்டு வந்தார். வேறு சிலரும் அதே சமயத்தில் முயன்றார்கள். மழையும் வெயிலும் அதை ஒன்றும் செய்வதில்லை. சில வருஷங்களில் தோல் அநேகமாக மறைந்துபோயிற்று.

இதில் ஒரு சிக்கல் பிறந்தது. தோல் முகத்தை ஈரத்தோடு மரவளையத்தில் மடித்துச் சொருகுகிறபோது, அந்தந்த டிரம்முக்குத் தக்கபடி கொஞ்சம் தளர்த்திக்கொள்ளலாம். பிளாஸ்டிக் முகமோ உலோக வளையத்தில் அச்சாக வார்த்து வருவது. அளவு இம்மி பிசகாது. பழைய கூடுகள் உறையின் கனமும் சேர்ந்து சற்றுப் பருத்திருப்பதால், பலவற்றில் புது முகம் உட்காருவதே இல்லை. உட்கார்ந்தாலும் நெருக்கத்தினால் ஓசை அடைத்துக்கொள்ளும். உடனே சிலர் என்ன செய்கிறார்கள்? விளிம்பருகே உறையை அறுத்து, அடியிலுள்ள மரத்தையும் சுற்றிலும் இழைத்துவிடுகிறார்கள். செருப்புக்குத் தகுந்தபடி காலைச் செதுக்குவது என்பதற்கு இதைவிடச் சிறந்த உதாரணத்தை எந்த உபாத்தியாயரும் கொடுக்க முடியாது. செருப்பு நாளைக்குத் தேய்ந்து போகும், கால் வளராது.

அவ்வாறு செய்வதற்கு முன் கவனிக்க வேண்டியவை பல. கூட்டின் குறுக்களவை இரண்டு திசையில் எடுத்துப் பார்த்தால், பல வருஷம் ஒரு பக்கமாக இறுகிக் கிடந்ததனால் வட்டம் முட்டையாகி இருப்பது தெரியலாம். முகங்களைக் கழற்றித் தளர்வாக விட்டு வைத்தால் சிறிது சீர்ப்படுவதும் உண்டு. பிறகு, தோல் தங்கும் விளிம்பைச் சோதிக்க வேண்டும். சமமான கருங்கல் பலகை ஒன்றின் மேல் கூட்டைக் கவிழ்த்து, அறையை இருட்டாக்கி, உள்ளே ஒரு விளக்கை வைத்தால், விளிம்பு தாழ்ந்திருக்கும் இடத்தில் மட்டும் கீற்றாக வெளிச்சம் கசியும். மிக எளிய பரீட்சை. ஆனால் ஏமாற்ற முடியாதது. கசியும் இடத்தில் மாத்திரம் வேலை செய்தால் போதும். முழு விளிம்பையும் யந்திரத்தில் கொடுத்து இக்காலத்துக் கூர் விளிம்பாக அறுத்துவிட்டால், புது டிரம் போலவே கணீரென்று ஒலிக்கும். பழைய கம்பெனிகள் உருட்டி விட்டிருந்த விளிம்பில் தோல் அகலமாகப் படிந்து எழுப்பிய அந்தத் தணிந்த, சூடான நாதம் போனது போனதுதான். அப்புறம் அதைப் பழைய டிரம் என்று சொல்வானேன்?

புது முகம் சேரவில்லையென்றால் இன்னும் ஒரு வழி இருக்கிறது: பழையபடி தோலே போட்டுவிடுவது. ஊறிய தோலை மரவளையத்தின் மேல் போர்த்து, கரண்டிக் காம்பு போன்ற ஒரு கருவியால் ஓரத்தைச் சுற்றிச் சுற்றி உள்ளே சொருகி, டிரம்மின் மேலேயே வைத்து ஆற விடுகிறார்கள். மிருதங்கத் தோல் வேலை செய்யும் நம் கைவினைஞர் ஒருவர் பார்த்தால், பத்து நிமிஷத்தில் பிடிபட்டுவிடும் வித்தை. சிரமமும் செலவும் கூடுதல்தான். ஆனால் கூடு பிழைக்கிறது.

பணத்தாசையும் இதில் புகுந்திருக்கிறது என்பதை மறைப்பதற்கில்லை. பீட்டில்ஸ் கோஷ்டியைச் சேர்ந்த ரிங்கோ ஸ்டார் 1963-ல் வாங்கிய லட்விக் டிரம் செட், 2015-ம் வருஷத்தில் இருபது லட்சம் டாலருக்கு மேல் ஏலம் போயிற்று. அத்தகைய செய்தியைப் பத்திரிகையில் படித்தவர்கள் தங்கள் தாத்தாவின் டிரம்மையும் பளபளப்பாக்கி விற்கப் புறப்படுவதில் ஆச்சரியமில்லை. பளபளப்பினால் விலை குறைகிறது என்பது அவர்களுக்குத் தெரிய வருவது விற்கப் போன இடத்தில்தான்.

எல்லாம் பொருத்தியபின் சுருதி சேர்ப்பது. திருகுகளை முதலில் விரலாலேயே இறுக்கிவிட்டு, பிறகு சாவியால் ஒன்றை அரைக் கால் சுற்று, அதற்கு நேர் எதிரிலுள்ளதை அரைக் கால் சுற்று என்று குறுக்கும் நெடுக்குமாகப் போக வேண்டும். ஓரம் முழுதும் தட்டிப் பார்த்து எங்கும் ஒரே ஸ்வரம் பேசும் வரையில் பொறுமை வேண்டும். மிருதங்கக்காரர் கூழாங்கல்லும் கையுமாக வட்டம் சுற்றுவதை நினைத்துக்கொள்ளுங்கள். பிடிக்குள் இருக்கும் சுருள் வில் அதிர்ந்து முனகினால், அதற்குள் ஒரு துண்டு கம்பளித் துணியைச் செருகி வாயை அடைக்கலாம். பழைய கம்பெனிகளே சிலவற்றில் அப்படிச் செய்திருக்கின்றன.

கடைசியாக ஒன்று. ஊமைப் படக் காலத்துப் பெரிய டிரம்களின் கூட்டில், மூச்சுத் துளையைத் தவிர வேறொரு துளையும், உள்ளே ஒரு விளக்குப் பொருத்திய அடையாளமும் சில சமயம் காணப்படும். தோல் ஈரத்தில் தொய்யாமல் இருப்பதற்காக டிரம்முக்குள்ளேயே மின்சார பல்பு எரிய விட்டிருக்கிறார்கள். முன்பக்கத் தோலில் ஏரி, மலை, நிலாக் காட்சி என்று சித்திரம் தீட்டியிருப்பார்கள்; கொட்டகை இருட்டில் அந்த நிலா உள்ளிருந்து ஒளிரும். விஷயம் தெரியாதவர்கள் அந்தத் துளையை யாரோ செய்த சேதம் என்று எண்ணி மரத்தூளும் பசையும் வைத்து அடைத்துவிடுகிறார்கள். தெரிந்தவர்கள் அதை அப்படியே விட்டு, தூசியை மட்டும் துடைத்து, ஒரு சிறிய பல்பைத் தொங்க விடுகிறார்கள்.